நாலு விமானத்துக்கு மூன்று தேங்காய்

அத்தியாயம் 9

பயப்படுவதற்குச் சம்பளம் கொடுப்பார்களென்றால் திருகோணமலையில் என்னை விடப் பெரிய பணக்காரன் இருக்க மாட்டான். அன்றைக்குக் காலை பத்தரை மணிக்குள்ளேயே எனக்கு ஒரு மாதச் சம்பளம் சேர்ந்துவிட்டது.

அது 1968 நவம்பர். வாடைக்காற்றும் மழையும். டொக்யார்ட் வீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலேதான் எங்கள் துப்பறியும் நிலையம். நிலையம் என்பது பெரிய சொல். இரண்டு மேசை, மூன்று கதிரை, ஒழுகுகிற கூரை, அவ்வளவுதான். துப்பறிகிறவர் தாஹிர் நானா; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். மூதூர்க்காரர். துறைமுகப் பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்து, மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வேலை போனவர். கோவை கட்டுவது, தேத்தண்ணீர் போடுவது, பயப்படுவது இந்த மூன்றும் என் பொறுப்பு. என் பெயர் இராசையா.

எதிரே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

“என்ட பேர் பல்கீஸ். கீழ்க்கரை விமானக் கம்பனியில கணக்காளர் ஸெய்னுதீன்ட பெண்சாதி. நாலு நாளாய் அவரைக் காணேல்ல. இண்டைக்கு மூண்டு மணிக்குக் கம்பனிக் கூட்டம். அதுக்கு முன்னம் அவரைக் கண்டுபிடிச்சுத் தர வேணும்.”

“ஏன் அதுக்கு முன்னம்?” என்று கேட்டார் தாஹிர் நானா.

“பிந்தினால் உயிரோட கிடைக்க மாட்டார்.”

நான் எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். சும்மா போடவில்லை. போன வியாழக்கிழமைதான் அதே கம்பனியின் ஸ்டோர் கிளார்க் ஒருவன் துறைமுக ஜெட்டியடியில் பிணமாக மிதந்தான். மழையில் கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதிப் பொலிஸ் கோவையை மூடிவிட்டது.

“அஸீம் எண்டு ஒரு பொடியன் செத்தானே, அவனுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோ?” என்று நானா கேட்டார்.

அந்தப் பெண் கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள். “எனக்குத் தெரியாது,” என்றாள். புருஷனை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கம்பனியின் ஆண்டறிக்கை. அதில் இருந்த சங்கதி ஊருக்கே தெரியும். ஐந்து வருடம் நட்டத்தில் ஓடிய கம்பனிக்கு இந்த வருடம் மூன்று இலட்சம் ரூபாய் இலாபம். பழைய டக்கோட்டா விமானங்கள் நாலையும் விற்றுவிட்டு, நாற்பது பேர் ஏறுகிற புது விமானம் இரண்டு வாங்கப் போகிறார்கள். அதற்காகப் பத்து ரூபாய்ப் பங்குகளை இன்றைய கூட்டத்தில் எல்லோருக்கும் விற்கப் போகிறார்கள். கிண்ணியாவில் வெங்காயம் விற்கிறவர் முதல் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் காசை முடிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் மனைவி அன்னலட்சுமி காப்பையே கழற்றி வைத்துவிட்டாள்.

“அவர்ட மேசை லாச்சிக்குள்ள இருந்தது. ஆறாம் பக்கத்தைப் பாருங்க,” என்றாள் அவள்.

ஆறாம் பக்கத்தில் ‘கம்பனிக்குச் சொந்தமான விமானங்கள்: 4’ என்று அச்சிட்டிருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால், ‘3 தேங்காய்’.

நானா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாமல், “நீங்க எங்க இருக்கிறீங்க, தங்கச்சி?” என்று கேட்டார்.

“கிண்ணியாவில. அவர்ட உம்மா வீட்டில. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அங்கதான்.”

“மாமியோடயா? பொறுமையான ஆள்தான்,” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இராசையா, தேங்காயைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?”

“சம்பலுக்கு நல்லது.”

“இது கணக்காளர் எழுதினது. சம்பலை ஆண்டறிக்கையில எழுத மாட்டார்.”

பயத்தில் சில நேரம் எனக்கு மூளை வேலை செய்யும். “நானா, இது ஆயுத பூசைத் தேங்காயாய் இருக்கும். வேலைத்தலங்களில இயந்திரத்துக்கு ஒண்டு எண்டு உடைக்கிறது. பஸ் டிப்போவில என்ர மச்சான் நிக்கிறான். அங்க பதினெட்டு பஸ், பதினெட்டுத் தேங்காய். ஓடாத பஸ்ஸுக்கும் உடைப்பாங்கள். அதுக்கு ரெண்டாய் உடைச்சாலும் காணாது எண்டு மச்சான் சொல்லுவான். தேங்காய்க் காசு கம்பனிக் காசு. அதுக்கு வவுச்சர் எழுத வேணும். அந்த வவுச்சர் கணக்காளரிட்டத்தான் போகும்.”

“நாலு விமானம், மூண்டு தேங்காய்.”

“ஒரு தேங்காய் குறையுது.”

“இல்லை இராசையா,” என்றார் நானா. “ஒரு விமானம் குறையுது.”

 தேங்காயை எண்ணியவன் ஒருவன் காணாமல் போய்விட்டான். இப்போது நாங்களும் எண்ணிவிட்டோம்.

“பூசை செய்தது ஆர்?”

“சீனன்குடாவில விமானம் நிப்பாட்டுற ஹங்கரில, வேலையாக்களுக்கு மேல வீரக்குட்டியார்தான் போர்மன். அவரைத் தவிர வேற ஆருக்கும் அந்த வேலை குடுக்க மாட்டாங்கள்.”

“நானும் வாறன்,” என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கட்சிக்காரரை ஒருபோதும் கூட்டிக்கொண்டு போகாத தாஹிர் நானா, “அதுக்கென்ன, வாங்க,” என்றார்.

நானாவின் மொரிஸ் மைனர் நகரத்தை விட்டு வெளியே வந்ததும் எங்களுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற ஜீப் வருவதை நான் கண்டேன். நாங்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. நாங்கள் விரைந்தால் அதுவும் விரைந்தது. உள்ளே இரண்டு பேர். மழைக்குள் முகம் தெரியவில்லை.

“நானா, பின்னால ஒரு ஜீப்.”

“கண்டனான்.”

“எங்களுக்குப் பின்னாலதான் வருது.”

“ரோட்டு ஒண்டுதானே இராசையா, வேற எங்கால போறது?”

நான் முதுகைக் கதிரையில் சாய்க்காமல் இருந்தேன். சுட்டால் குண்டு கதிரையில் படட்டும் என்று ஒரு எண்ணம். பின் சீற்றில் இருந்த அவளும் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் பயம்.

நாலாம் மைல் கட்டையில் ஒரு மாடு நடு வீதியில் நின்றது. நானா ஒருமுறை ஹோன் அடித்தார். அடித்த உடனே பின்னால் வந்த ஜீப் பாய்ந்து வந்து எங்கள் பம்பரை முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக் கோணேசப் பெருமானைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது ஜீப் பழையபடி பின்வாங்கியிருந்தது.

“எஞ்சின் சூடாயிட்டுது,” என்று நானா காரை ஓரம் கட்டினார்.

“இந்த மழைக்குள்ளயா?”

அவர் இறங்கிப் பொனெற்றைத் திறந்து அரை நிமிடம் குனிந்து நின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். அந்த அரை நிமிடத்தில் நான் அன்னலட்சுமிக்கு ஒரு கடைசிக் கடிதமே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

சீனன்குடா விமான நிலைய வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்குத் தாஹிர் நானாவைத் தெரியும். எங்களை விட்டான். பாஸ் இல்லாத ஜீப்பை மறித்துவிட்டான். அது வெளியே ஒரு பாலை மரத்துக்குக் கீழே போய் நின்றது. போகவில்லை. எங்களுக்காகக் காத்து நின்றது. திரும்பி வருவதற்கும் அந்த ஒரே வாசல்தான்.

ஹங்கர் வாசலிலே காரை நிறுத்தி, அவளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். உள்ளே ஒரு டக்கோட்டா எஞ்சின் கழற்றியபடி நின்றது. வாலில் பெரிதாக 3 என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஸ்டூலில் இருந்து கறுத்த தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்தான் வீரக்குட்டியார். அறுபது வயது, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, கை முழுக்க எண்ணெய்.

“போர்மன் ஐயா,” என்றார் நானா, “இந்த வருசம் பூசைக்கு ஏன் மூண்டு தேங்காய்?”

அவர் கோப்பையைச் சரித்துவிட்டார். தேத்தண்ணீர் காலில் சிந்தியது கூட அவருக்குத் தெரியவில்லை.

“ஆர் நீங்கள்? பொன்னுத்துரை சேர் அனுப்பினவரோ?”

பொன்னுத்துரை கம்பனியின் முதலாளி. அறிக்கையின் முதல் பக்கத்தில் டை கட்டிச் சிரித்துக்கொண்டு இருந்தவர்.

“அவர் அனுப்பியிருந்தால் கேள்வி கேட்டுக்கொண்டு நிக்க மாட்டம்,” என்றேன் நான். குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது.

வீரக்குட்டியார் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தால் யாரும் என்னை ஒரு கொலைகாரனின் ஆள் என்று நினைக்க மாட்டார்கள். அது என் முகத்தால் வந்த ஒரே நன்மை.

“நாலாம் நம்பர் போன தை மாசம் சிங்கப்பூருக்குப் போனது தம்பி. பெரிய திருத்த வேலை எண்டு சொன்னாங்கள். திரும்பி வரேல்ல. அங்கேயே வித்துப்போட்டாங்கள்.”

“ஆனால் கணக்குப் பரிசோதிக்கிற ஓடிற்றர்மார் வந்து நாலையும் எண்ணினதாய் அறிக்கையில கிடக்கே,” என்றேன்.

“எண்ணினவைதான். திங்கட்கிழமை வந்து ஒண்டையும் இரண்டையும் பார்த்தினம். மற்றது ரெண்டும் கொழும்புக்குப் போட்டுது எண்டு சேர் சொன்னார். புதன்கிழமை வந்து மூண்டையும் நாலையும் பார்த்தினம்.” அவர் தலையைக் குனிந்தார். “ரெண்டை அழிச்சு நாலு எண்டு எழுதினது நான்தான். எழுதாட்டில் வேலை இல்லை எண்டார். எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

“மூண்டு இலட்சம் இலாபம்?” என்றார் நானா.

“ஸெய்னுதீன் தம்பிதான் சொன்னது. விமானம் வித்த காசை டிக்கட் வித்த காசு எண்டு புத்தகத்தில போட்டிருக்காம்.”

நான் விசிலடிக்கப் பார்த்தேன். வாய் உலர்ந்திருந்ததால் காற்றுத்தான் வந்தது. விமானம் ஓடி உழைத்த இலாபம் இல்லை, விமானத்தையே விற்ற இலாபம். விற்ற விமானத்தை இன்னொருமுறை விற்கப் போவதாக அறிக்கையில் வேறு எழுதியிருக்கிறார்கள். அன்னலட்சுமியின் காப்பு கண்ணுக்குள் வந்து நின்றது.

“எல்லாம் செய்து குடுத்தீங்கள். பூசையில ஒரு தேங்காயைக் கூட்டி உடைச்சிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே ஐயா?”

வீரக்குட்டியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஓடிற்றரை ஏமாத்தலாம். அம்மாளுக்கு முன்னால நிண்டு, இல்லாத விமானத்துக்கு எப்பிடித் தம்பி தேங்காய் உடைக்கிறது? மற்ற மூண்டும் ஆக்களை ஏத்திக்கொண்டு மேல போற சாமான். விழுந்தால் ஆர் பொறுப்பு?”

பொன்னுத்துரை ஹங்கர் பக்கம் காலெடுத்து வைக்காதவர். எல்லாக் கடதாசியையும் திருத்தியவருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்த் தேங்காய் வவுச்சர் கண்ணில் படவில்லை.

“ஸெய்னுதீன் எங்க?” என்று நானா கேட்டார்.

“தெரியாது.” வாய் தெரியாது என்றது. கண் மட்டும் மேலே விமானத்தின் வால் பக்கம் போய் வந்தது.

அவருடைய பயத்தைத் தீர்த்து வைப்போம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். “பயப்படாதேங்கோ ஐயா. ஸெய்னுதீன்ட பெண்சாதி எங்களோடதான் வந்திருக்கிறா. காருக்குள்ள இருக்கிறா.”

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. “பல்கீஸ் பிள்ளையோ? நாலு நாளாய் அந்தப் பிள்ளையை நினைச்சு நினைச்சுத்தான் ஸெய்னுதீன் தம்பி சாகுது.” எழுந்து போய் ஸ்பானரால் விமானத்தின் வயிற்றில் மூன்று தரம் தட்டினார்.

வால் பக்கத்துக் கதவு திறந்தது. தபால் சாக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். நாலு நாள் தாடி, கசங்கிய சேர்ட், மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் வெடிப்பு. காருக்குள் பல்கீஸ் இருக்கிறாள் என்று கிழவர் சொன்னதும் அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்குள் ஓடினார். காரின் பின் கண்ணாடிக்கு நேரே குனிந்தார்.

பிறகு மெல்ல நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

“இது ஆர்?” என்று கேட்டார்.

 அதே நேரம் அவள் முன் சீற்றுக்கு மேலாகப் பாய்ந்து ஹோனை அழுத்தினாள். மூன்று தரம் அழுத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

தாஹிர் நானா காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு துண்டு வயரை எடுத்துக் காட்டினார். “நாலாம் கட்டையில கழட்டினனான் தங்கச்சி. மாட்டுக்கு ஹோன் அடிச்சால் மாடுதான் அசைய வேணும். ஜீப் பாய்ஞ்சு வந்தது. அப்பதான் விளங்கினது, ஹோன்தான் அவங்களுக்குச் சைகை எண்டு.”

“அப்ப காலையிலேயே சந்தேகமோ?” என்றேன். 

“கிண்ணியாவிலயும் மூதூரிலயும் கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போறது. மாமி வீட்டில குடியிருக்கிற கிண்ணியாப் பெண்ணை நான் இந்த நாப்பத்தாறு வயசுக்குக் கண்டதில்லை. இவ எங்கட பக்கத்து ஆள் இல்லை. எங்க விட்டுட்டு வந்தாலும் அவங்களுக்குச் சொல்லியிருப்பா. அதுதான் பக்கத்திலேயே வச்சிருந்தனான்.”

அவள் காரை விட்டு இறங்கினாள். முக்காடு நழுவி மழையில் நனைந்தது. ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஸெய்னுதீனுக்கு நேரே போய் நின்றாள். 

“எங்கட நானாவை ஏன் கொன்டாய்?”

“ஆர் உங்கட நானா?”

“அஸீம். நான் ஸல்ஹா. பதுளையில இருந்து வந்தனான். உனக்கும் அவருக்கும் காசுச் சண்டை எண்டும், நீதான் அவரைக் கடல்ல தள்ளிப்போட்டு ஒளிச்சிருக்கிறாய் எண்டும் பொன்னுத்துரை சேர் சொன்னார். மய்யித்தை அடக்கின செலவும் அவர்தான் குடுத்தவர். உன்ட லாச்சியில கிடந்த அறிக்கையைத் தந்து, உன்னைக் கண்டுபிடிச்சுக் குடுத்தால் பொலிஸில குடுக்கிறன் எண்டு சொன்னார்.”

ஸெய்னுதீன் சேர்ட் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு சிறு கடதாசியை எடுத்து அவளிடம் நீட்டினார். தேங்காய் வவுச்சர். “இது அவன்ட கையெழுத்துத்தானே? பின்பக்கத்தை வாசியுங்க.”

அவள் வாசித்தாள். வாசிக்கும்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கடதாசி கையிலிருந்து விழுந்தது. நான் எடுத்தேன்.

‘ஸெய்னுதீன் சேர், தேங்காய் ஏன் குறைவு என்று ஹங்கருக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். விமானம் மூன்றுதான். நான் எண்ணினது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஏதும் நடந்தால் பதுளைக்கு, தங்கச்சி ஸல்ஹாவுக்கு எழுதுங்கள். உம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.’

“எழுதினனான்,” என்றார் ஸெய்னுதீன். “கடிதம் பதுளைக்குப் போறதுக்கு முன்னம் நீங்க இங்க வந்திட்டீங்க போல.”

அவள் தரையில் குந்திவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தமையனைக் கொன்றவர்களையே தமையனின் சிநேகிதன் வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் ஏலவில்லை.

ஹங்கர் சுவரிலிருந்த டெலிபோன் அடித்தது.

எல்லோரும் அதையே பார்த்தோம். வீரக்குட்டியார் போய் எடுத்தார். “போர்மன்... ஓம் சேர்... ஓம்.” வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.  “பொன்னுத்துரை சேர். ஜீப்காரர் கடையில இருந்து டெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறாங்கள். இந்தப் பிள்ளையோட கதைக்க வேணுமாம்.”

மணி ஒன்று இருபது. கூட்டத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். ஸெய்னுதீனை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அவர் தப்பிவிடுவார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவரையும் கடலில் தள்ள ஏலாது. ஆனால் வாசலில் ஜீப் நிற்கிறது. அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் தாஹிர் நானாவைப் பார்த்தேன். அவளைத் தடுப்பார், மிரட்டுவார், குறைந்தது ஏதாவது சொல்லியாவது கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை இருந்தது. தாஹிர் நானாவுக்குப் பயம் வந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஸல்ஹா எழுந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். ரிசீவரை வாங்கினாள்.

“ஸல்ஹா பேசுறன் சேர்.”

பழைய டெலிபோன். மறுபக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “ஆள் கிடைச்சுதா பிள்ளை?”

“இல்லை சேர்.” குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “இங்க இருந்தவர்தான். காலையில கிண்ணியாத் துறைக்குப் போயிட்டாராம். ஜீப்பில போனால் தோணி ஏறுறதுக்கு முன்னம் பிடிக்கலாம்.”

  பிறகு அந்தக் குரல் கனிவோடு சொன்னது, “நல்லது பிள்ளை. நீங்க கவலைப்படாதீங்க. உங்கட நானாவைக் கொன்டவனுக்கு இண்டைக்கே தண்டனை கிடைக்கும்.”

“ஓம் சேர்,” என்றாள் ஸல்ஹா. “இண்டைக்கே கிடைக்கும்.”